பசறைப் பக்கம் 40 பேர்ச்சில் வத்தாளங்கிழங்கு: பெரும்போகத்துக்குப் போடலாமா?

பசறை_சாரல்:

எல்லாருக்கும் வணக்கம். பசறைக்கு மேலே ஏறக்குறைய 950 மீற்றர் உயரத்தில் 40 பேர்ச் காணி. கிழக்குப் பார்த்த சரிவு, காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் வெயில் விழும். இதுவரை போஞ்சியும் தக்காளியும்தான் மாறி மாறி, ஒவ்வொரு தடவையும் கோழி எரு போட்டிருக்கு. மருந்து, உரம், போஞ்சிக் கம்பு எல்லாம் விலை ஏறி, மழை ஒரு வாரம் பிந்தினாலே கையைக் கடிக்குது. அதனால இந்தப் பெரும்போகத்துக்கு வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) போடலாம்னு யோசனை.

இந்தக் குளிருக்குக் கிழங்கு இறங்குமா? கொடி எத்தனை வேணும், எங்கே எடுக்கிறது? உரம் எவ்வளவு? பக்கத்துக் காணிகள்ல கிழங்கு வெளியே பார்க்க நல்லா இருக்கு, வெட்டினா உள்ளே ஓட்டை ஓட்டையா இருக்கு, அவிச்சாலும் கசக்குது. அதுக்கு என்ன வழி? காணியோட மேல் ஓரத்துல பழைய தேயிலைச் செடி கொஞ்சம் நிக்குது. அதுக்கு இடையிலயும் நடலாமா? ஆடி மாசம்தான் நடக்குது, ஆயத்தம் செய்ய நேரம் இருக்கு.

ஊவா_மண்:

தாராளமா போடலாம். வத்தாளைக்குப் பிடிச்ச வெப்பம் 24 பாகை செல்சியஸ் அளவு. 15க்குக் கீழே இறங்கினா வளர்ச்சி மந்தமாகும், 10க்குக் கீழே கொடியே அடிபடும். உங்க உயரத்துல மார்கழி, தை இரவுக் குளிர்தான் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். கீழ்நாட்டுல மூன்றரை, நாலு மாசத்துல தோண்டுற இனம் உங்களுக்கு நாலரை மாசத்துல இருந்து ஐந்து மாசம் வரை எடுக்கும். அந்தக் கணக்கை முதல்லயே மனசுல வச்சுக்கங்க, நாலாம் மாசம் தோண்டிப் பார்த்துட்டு இனம் சரியில்லைன்னு சொல்லக் கூடாது.

நடுகைக் காலம்தான் உங்க பக்கத்துல ரொம்ப முக்கியம். கிழங்காகப் போற வேர் முதல் ஆறு ஏழு வாரத்துக்குள்ளதான் பருக்கத் தொடங்கும். அந்த நேரத்துல வரம்பு தண்ணியில ஊறிக் கிடந்தா வேருக்குக் காற்றுக் கிடைக்காது, விரல் தடிப்புல நாராகி நின்னுரும். பிறகு எதைப் போட்டாலும் அது கிழங்காகாது. ஊவாவுல கார்த்திகை, மார்கழி மழை கொட்டும். அதுக்கு முன்னால வேர் பிடிச்சு, கொடி வரம்பை மூடியிருக்கணும். ஆகவே செப்டெம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதிக்குள்ள நட்டு முடிச்சுருங்க. சித்திரை மழைக்கும் நடலாம், ஆனா ஆனி, ஆடி காய்ச்சலும் காற்றும் உங்க பக்கம் கடுமை. பீலித் தண்ணி கைவசம் இல்லாம அந்தப் போகத்தை நம்ப வேண்டாம்.

வரம்பு: உச்சிக்கு உச்சி 90 சென்ரிமீற்றர், உயரம் 30 முதல் 40 வரை. சரிவுக்குக் குறுக்காகத்தான் போடணும். மேலிருந்து கீழா வரம்பு இழுத்தா மம்பட்டி வேலை சுலபம்தான், கார்த்திகை முடியிறதுக்குள்ள மேல்மண் அத்தனையும் ஆத்துக்குப் போயிரும். குறுக்குக் கோடு பிடிக்க ஏ சட்டம் போதும்: 2 மீற்றர் கம்பு இரண்டை உச்சியில கட்டி, நடுவுல குறுக்குக் கம்பு வச்சு, உச்சியில இருந்து கயிற்றுல ஒரு கல்லைத் தொங்க விடுங்க. கயிறு குறுக்குக் கம்பின் நடு அடையாளத்துல நின்னா இரண்டு காலும் ஒரே மட்டம். ஆனா உங்க மழைக்கு அச்சொட்டான மட்டம் சரிவராது. தண்ணி தேங்கி ஒரு இடத்துல வரம்பு உடைஞ்சா அதுக்குக் கீழே உள்ளதெல்லாம் அடுத்தடுத்து உடையும். பக்கக் கானை (வடிகாலை) நோக்கி 100 அடிக்கு 1 அடி இறக்கம் கொடுங்க. கான் வாயில கல்லோ மானாப் புல்லோ வேணும், இல்லாட்டி கானே பள்ளமா அரிச்சுரும்.

கொடித் துண்டு: வரம்பு உச்சியில 25 சென்ரிமீற்றருக்கு ஒன்று. 40 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,010 சதுர மீற்றர், அதுக்கு 4,500 துண்டு. பத்து நாள் கழிச்சு விடுபட்ட இடத்தை நிரப்ப இன்னும் 500 வச்சுக்கங்க. துண்டு 30 சென்ரிமீற்றர் நீளம், கொடியின் நுனியிலிருந்து எடுத்தது. அடிக்கொடி முத்தினது, பிடிக்கத் தாமதம், வண்டு முட்டையும் அதுலதான் இருக்கும். கீழ்ப்பாதி இலையைக் கிள்ளிட்டு, ஈரச் சாக்குல சுத்தி ஒரு நாள், ரெண்டு நாள் நிழல்ல வச்சா கணுவுல வேர் முளை தெரியும். அப்போ மூன்று கணு மண்ணுக்குள்ள போற மாதிரி சாய்வா நடுங்க. நேரே குத்தி நட்டா பிழைக்கும், ஆனா மண்ணுக்குள்ள போற கணு குறையும், கிழங்கும் குறையும்.

அத்தனை கொடி ஒரே இடத்துல நம்பிக்கையா கிடைக்காது. ஆடியில இருக்கிறீங்க, இப்பவே நாற்றுமேடை போடுங்க. 2 பேர்ச், அதாவது 50 சதுர மீற்றர். மூன்று கணுத் துண்டுகளை 20க்கு 10 சென்ரிமீற்றர்ல நட்டா சதுர மீற்றருக்கு 50 நிக்கும். இரண்டு, இரண்டரை மாசத்துல செடிக்கு இரண்டு நுனித் துண்டு வச்சாலே 5,000 வந்துரும். நாற்றுமேடைக்கு மட்டும் தழைச்சத்து (நைதரசன்) தாராளமா கொடுக்கலாம், அங்கே நமக்கு வேண்டியது கொடிதான். இனத்துக்கு வாரியப்பொல சிவப்பு, வாரியப்பொல வெள்ளை இரண்டையும் கேட்டுப் பாருங்க. உங்க கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடமோ விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனை இலக்கத்துக்கு அழைச்சோ, இப்போ எந்த இனத்தின் சுத்தமான கொடி கைவசம் இருக்குன்னு கேட்கலாம். கிழங்கு ஆராய்ச்சி நடக்கிறது கன்னொறுவையில. சுருங்கின இலை, மஞ்சள் திட்டு, ஊதா வளையம் உள்ள செடியிலிருந்து கொடி எடுக்கவே கூடாது. வைரஸ் கொடியோடயே வரும், வருஷா வருஷம் விளைச்சல் தேயும், காரணம் தெரியாம மண்ணைக் குறை சொல்வாங்க.

உரம். உங்க காணியில வருஷக்கணக்கா கோழி எரு விழுந்திருக்கு. இதுதான் உங்க பெரிய ஆபத்து. தழைச்சத்து மிஞ்சின மண்ணுல வத்தாளை இடுப்பளவு இலை போட்டு, கீழே ஒண்ணும் வைக்காது. முதல் போகத்துக்கு யூரியாவும் எருவும் வேண்டவே வேண்டாம். மரக்கறி போட்ட காணியில பொஸ்பரசும் சேர்ந்திருக்கும், டி.எஸ்.பி.யும் (பொஸ்பரஸ் உரம்) தேவைப்படாது. பொட்டாசியம்தான் கிழங்கு கேட்கிற சத்து: எம்.ஓ.பி. (பொட்டாசியம் உரம்) 20 கிலோ, பாதி நடுகையில, பாதி ஐந்தாறு வாரத்துல மண் அணைக்கும்போது. எரு விழாத காணியா இருந்தா மக்கின மாட்டெரு 1,000 கிலோ, யூரியா 8 முதல் 10 கிலோ, டி.எஸ்.பி. 10, எம்.ஓ.பி. 20 என்று சொல்லியிருப்பேன்.

மண் புளிப்பு இருந்தா டொலமைட் (புளிப்பைக் குறைக்கிற சுண்ணாம்பு வகைத் தூள்). மலையக மண்ணுல பீ.எச். 4.5 – 5.5 சாதாரணம், வத்தாளைக்கு 5.5 – 6.5 நல்லது. சோதிச்சுப் பார்த்துக் குறைவா இருந்தா 40 பேர்ச்சுக்கு 100 முதல் 150 கிலோ, நடுறதுக்கு மூன்று நாலு வாரம் முந்தி மண்ணோட கலக்கணும். எருவோட, யூரியாவோட ஒரே நாள்ல போட்டா நைதரசன் காற்றோட போயிரும்.

தேயிலைக்கு இடையில வேண்டாம். வத்தாளை நிழல்ல கிழங்கு வைக்காது, தோண்டும்போது தேயிலை வேர் அறும், வத்தாளைக்குப் போடுற அளவு டொலமைட் தேயிலைக்கு ஆகாது. அந்த ஓரத்தை அப்படியே விடுங்க, மேலிருந்து வர்ற தண்ணியை அது தடுத்து நிறுத்தும்.

கொத்மலை_கமம்:

ஊவா_மண் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். யூரியா ஒரேயடியாக வேண்டாம் என்பது உலர்ந்த ஒக்டோபருக்குச் சரி. நட்ட மூன்றாம் வாரம் விடாமல் மழை அடித்தால் நைதரசன் கழுவுண்டு போகும், கோழி எரு மண்ணிலும்கூட. முதிர்ந்த இலைகள் வெளிறி, கொடி ஓடாமல் நின்றால் 40 பேர்ச்சுக்கு 3 முதல் 4 கிலோ யூரியா, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, மண்ணால் மூடிப் போடலாம். ஆறாம் வாரத்துக்குப் பிறகு எந்தக் காரணத்துக்கும் போடக் கூடாது. இலையைப் பார்த்து முடிவெடுங்கள், நாட்காட்டியைப் பார்த்து அல்ல.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பப்புவா நியூகினியின் மலைநாட்டில் 2,700 மீற்றர் வரை வத்தாளைதான் மக்களின் பிரதான உணவு, ஆகவே நுவரெலியாவிலும் வரும் என்று சிலர் எழுதுகிறார்கள். வரும். ஆனால் அந்த உயரத்தில் அங்கே 8 முதல் 12 மாதம் காத்திருக்கிறார்கள். எங்கா மாகாணத்தில் பெரிய வட்ட மேடு போட்டு, நடுவில் புல்லையும் பழைய கொடியையும் புதைக்கிறார்கள். அது மக்கும்போது வருகிற சூடு வேரைக் காக்கிறது. அப்படியிருந்தும் 1972இலும் 1997இலும் உறைபனி விழுந்து பெரும் உணவுத் தட்டுப்பாடு வந்தது. நுவரெலியாவில் தை, மாசியில் நிலத்தில் பனி உறையும். எட்டு மாதம் ஒரு கிழங்குக்குக் காணியைக் கட்டிப் போடுவதை விட அங்கே கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுவதே நியாயம். என் கணிப்பில் விற்பனைக்கு என்றால் 1,300 மீற்றருக்கு மேலே வத்தாளை வேண்டாம். வீட்டுத் தேவைக்கு நாலு மேடு போடுவது வேறு விஷயம்.

மேற்குச் சரிவுக்காரர்கள், கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன் பக்கம், பசறையின் காலத்தைப் பின்பற்றக் கூடாது. வைகாசி முதல் புரட்டாதி வரை அங்கே மழையும் முகிலும். வெயில் இல்லாமல் கிழங்கு பருக்காது, தண்டிலும் இலை நரம்பிலும் சொறி போலக் கரகரப்பான புள்ளிகள் வந்து நுனி சுருங்கும். இது குளிரும் ஈரமும் சேர்ந்தால் வருகிற பூஞ்சண நோய். நவம்பர் கடைசியில் நட்டு, தென்மேல் மழைக்கு முன்பு சித்திரைக் கடைசியில் தோண்டுவதுதான் அங்கே பொருந்தும்.

உருளைக்கிழங்கு, தக்காளி போட்டு நோயால் அடிபட்ட காணிக்கு வத்தாளை நல்ல மாற்றுப் பயிர் என்பதையும் சேர்க்கிறேன். இரண்டும் கிழங்கு என்றாலும் குடும்பம் வேறு. உருளையையும் தக்காளியையும் ஒரே வாரத்தில் கருக்குகிற அந்த இலைக்கருகல் வத்தாளையைத் தொடாது. மருந்துச் செலவு குறைவதற்கு முதல் காரணம் அதுதான்.

பயிர்க்காவல்:

கசப்புக்கும் ஓட்டைக்கும் காரணம் வத்தாளை வண்டு. பார்க்க எறும்பு போல மெலிந்த உடம்பு, 6 மில்லிமீற்றர் நீளம், தலையும் முதுகும் கருநீலம், கழுத்தும் காலும் செம்பழுப்பு. பெண் வண்டு தண்டின் அடியிலும் கிழங்கின் தோலிலும் சிறு குழி கடித்து முட்டை வைக்கிறது. புழு உள்ளே குடைகிறது. புழு குடைந்ததும் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கசப்புப் பொருளைச் சுரக்கிறது, நாக்கில் தெரிவது அதுதான். ஒரு பக்கம் மட்டும் குடைந்திருந்தாலும் கசப்பு கிழங்கு முழுக்கப் பரவும், வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை விற்க முடியாது. முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய ஐந்து, ஆறு வாரம். ஆகவே ஒரு போகத்துக்குள்ளேயே இரண்டு மூன்று தலைமுறை பெருகிவிடும்.

இந்த வண்டுக்கு மண்ணைத் தோண்டத் தெரியாது. வெடிப்பு வழியாகத்தான் கிழங்குக்குப் போகும். உங்கள் காவல் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. நாலைந்து வாரத்தில் ஒரு தடவை, எட்டாம் வாரத்தில் இன்னொரு தடவை மண் அணைத்து, கிழங்கு பருத்து வரம்பு விரிகிற இடத்தையெல்லாம் மூடுங்கள். உங்களுக்கு மாசியில் காய்ச்சல் தொடங்கும், அதே நேரத்தில் கிழங்கு முழு வேகத்தில் பருக்கும், அப்போதுதான் வெடிப்பு அதிகம். எட்டுப் பத்து நாளுக்கு ஒரு தடவை தண்ணீர், அத்துடன் வரம்பின் மேல் மானாப் புல் அல்லது கிளிசிறிடியா இலை மூடாக்கு. மேலே கிழங்கு வெளியில் தெரிந்தால் அன்றே மண் போடுங்கள்.

புழு உள்ளே போன பிறகு எந்த மருந்தும் அதைத் தொடாது. மேலே தெளித்துக் காசைக் கரைக்க வேண்டாம். செய்யக்கூடியவை எல்லாம் முன்கூட்டித்தான்: நுனிக் கொடி மட்டும் நடுவது, போன போகம் வத்தாளை இருந்த இடத்திலும், அதை ஒட்டிய இடத்திலும் நடாமல் இருப்பது, வேலியோரத்தில் ஓடுகிற காலைப்பூக் கொடிகளைப் பிடுங்குவது, ஏனெனில் பயிர் இல்லாத காலத்தில் வண்டு அதில்தான் தங்கும். பக்கத்துக் காணிகளில் ஏற்கனவே இருக்கிறது என்கிறீர்கள். அவர்களோடு பேசி, தோண்டி முடித்ததும் காணியில் கிடக்கிற வெட்டுக் கிழங்கையும் வேர்த் துண்டையும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைக்கச் செய்தால் உங்களுக்கும் பாதி காவல். தானாக முளைக்கிற கொடிகளையும் விடக் கூடாது. பெண் வண்டின் வாசனை ஊட்டிய கவர்ச்சிப் பொறி கிடைத்தால் 40 பேர்ச்சுக்கு 3 அல்லது 4 போதும்: பக்கத்தில் சன்னல் வெட்டிய பிளாஸ்டிக் கேன், அடியில் சவர்க்காரத் தண்ணீர், இலை மட்டத்துக்குச் சற்று மேலே. அதில் ஆண் வண்டு மட்டும் விழும். தொகை கூடுகிறதா என்று தெரிந்துகொள்ள உதவும், தனியாக அது காப்பாற்றாது.

முற்றியதும் தோண்டுங்கள். விலை ஏறட்டும் என்று மண்ணில் விட்டு வைக்கிற ஒவ்வொரு வாரமும் வண்டுக்குப் போகிறது.

காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் மூன்றாம் மாதத்திலிருந்து வரும். கம்பிவலையை ஓரடி மண்ணுக்குள் புதைத்து, கிளிசிறிடியாக் கம்பத்தில் இழுத்துக் கட்டுவதுதான் நிலையான வழி. சுருக்குக் கம்பி வைக்காதீர்கள். பன்றிக்கு வைக்கிற சுருக்கில் சிறுத்தைகள் மாட்டிச் சாகின்றன. 2020இல் நல்லதண்ணிப் பக்கம் சிக்கிய கருஞ்சிறுத்தை அப்படித்தான் செத்தது. வீட்டு மின்சாரத்தை வேலிக்கு இழுப்பதோ மனிதரையே கொல்லும்.

பசறை_சாரல்:

எல்லாருக்கும் நன்றி, நாற்றுமேடை வேலையை இந்த வாரமே தொடங்குறேன். இன்னும் மூணு விஷயம். கொடியை இடையில புரட்டி விடணும்னு சொல்றாங்க, அது வேணுமா? முத்தினதை எப்படித் தெரிஞ்சுக்கிறது? வீட்டுல ரெண்டு பசு இருக்கு, கொடியையும் கழிவுக் கிழங்கையும் போடலாமா?

ஊவா_மண்:

கொடியைப் புரட்டாதீங்க. இலை தலைகீழானா வெயில் படுற பக்கம் மாறி, திரும்ப நிமிர ஒரு வாரம் போகும், அத்தனை நாளும் கிழங்குக்குப் போக வேண்டிய மாப்பொருள் நட்டம். மழை விடாம பெய்ஞ்சு கணுவெல்லாம் சால்ல வேர் விட்டிருந்தா மட்டும் கையால மெதுவாத் தூக்கி, வேர் விடுபட்டதும் அதே பக்கமா வரம்பு மேலயே போடுங்க. நல்ல காலத்துல அதுவும் தேவையில்லை.

நாலு மாசம் தாண்டினதும் காணியின் மூன்று நாலு இடத்துல ஒவ்வொரு செடி தோண்டுங்க. கிழங்கைக் குறுக்கா வெட்டி வச்சா, பால் வெள்ளையாவே காய்ஞ்சா முத்தியிருக்கு. கறுத்துப் பச்சை பாய்ஞ்சா இன்னும் இரண்டு வாரம் விடணும். அடி இலைகள் மஞ்சளாகிறதும் ஒரு அடையாளம். தண்ணியை இரண்டு வாரம் முந்தி நிறுத்திருங்க, ஆனா மூடாக்கு இருக்கட்டும். தோண்ட மூன்று நாள் முந்திக் கொடியை அறுத்தா தோல் கொஞ்சம் இறுகும். மம்பட்டியை விட தோண்டுற முள்ளுக் கருவி நல்லது, வரம்பின் பக்கத்துல இருந்து குத்தி நெம்புங்க.

சரிவுக் காணி என்பதால ஒரேயடியாத் தோண்டாதீங்க. நாலு வரம்பு தோண்டி, நாலு விட்டு, அறுத்த கொடியில ஒரு பகுதியைக் குறுக்கா வரிசையாப் போட்டு வைங்க. சித்திரை மழை வந்தா இளகின மண் அதுல தங்கும்.

கொத்மலை_கமம்:

பசுவுக்குக் கொடி நல்ல தீவனம். அரை நாள் வாட்டி, புல்லோடு கலந்து கொடுங்கள், கொடியை மட்டும் வயிறு நிறையக் கொடுத்தால் கழியும். இளம் நுனி இலையைச் சுண்டலுக்கு எடுக்கலாம், ஆனால் ஒரே செடியில் திரும்பத் திரும்பக் கிள்ளினால் கிழங்கு சிறுக்கும்.

கழிவுக் கிழங்கில் கவனம். சிறிய கிழங்கு, மம்பட்டி பட்ட கிழங்கு புதிதாக இருந்தால் கொடுக்கலாம். வண்டு குடைந்தது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது ஒன்றையும் பசுவுக்குப் போடக் கூடாது. அதில் உருவாகும் நச்சு மாட்டின் நுரையீரலில் நீர் கோர்க்க வைக்கும், மூச்சுத் திணறிச் சாகும். அவித்தாலும் அந்த நச்சு போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

விளைச்சலுக்கு முதல் போகத்தில் 800 கிலோ வந்தாலே நல்லது என்று கணக்குப் போடுங்கள், எல்லாம் ஒத்து வந்தால் 1,500 வரை போகும். கழுவாமல், காயம் பட்டதைப் பிரித்து, அடுப்பங்கரைப் பக்கத்துச் சூடான அறையில் ஈரச் சாக்கு மூடி ஐந்தாறு நாள் வையுங்கள். 30 பாகைச் சூடும் ஈரக் காற்றும் இருந்தால் கீறல்கள் மேல் புதுத் தோல் பிடிக்கும், இனிப்பும் கூடும். பிறகு காற்றோட்டமுள்ள இடத்தில் 13 முதல் 16 பாகையில் நெடுநாள் இருக்கும், உங்கள் ஊர்க் குளிர் அதற்கு வசதி. 12க்குக் கீழே போனால் உள்ளே இறுகி, அவித்தாலும் வேகாத கட்டியாக நிற்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பதும் அதனால்தான்.

கெப்பெட்டிப்பொலை, தம்புள்ளை மொத்தச் சந்தைகளுக்கு ஒரு தொகையாக ஏற்றினால் அன்றைய விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். பசறை, பதுளைச் சந்தையை நம்புவதாக இருந்தால் 40 பேர்ச்சையும் ஒரே நாளில் நடாமல், செப்டெம்பர் 25 அளவில் பாதி, ஒக்டோபர் 15இல் மீதி என்று பிரியுங்கள். முதலில் நடுகிற பாதி மேல்பக்கமாக இருக்கட்டும், தோண்டி முடித்த இடத்திலிருந்து வண்டு வருவதற்கு முன் கீழ்ப்பாதியைத் தோண்ட உங்களுக்கு மூன்று வாரம்தான் இருக்கும்.

பயிர்க்காவல்:

அந்த மூன்று வாரத்துக்குள் மேல்பாதியின் கழிவைப் பொறுக்கிப் புதைத்து, கீழ்ப்பாதியின் முதல் இரண்டு வரம்புக்கும் இன்னொரு தடவை மண் அணையுங்கள். வண்டு அதிகம் பறக்காது, முதலில் ஏறுவது ஓர வரம்பில்தான். நாற்றுமேடையையும் பழைய வத்தாளைக் காணிகளிலிருந்து முடிந்தவரை தள்ளி, பீலிப் பக்கமாகப் போடுங்கள்.